இரட்டை நூல், நான்கு நூல் பட்டங்களுக்கான ஆயத்த நூல் செட்டுகள்: ஒரு மதிப்பீடு

இரண்டு நூலிலோ நான்கு நூலிலோ இயக்கும் பட்டத்தை வாங்குகிறவர்கள், துணியையும் கார்பன் குச்சிகளையும் நுணுக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, நூல் விஷயத்தில் மட்டும் பெட்டியோடு வருவதே போதும் என்று விட்டுவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். கையின் ஒவ்வோர் அசைவும் பட்டத்தைச் சென்றடைவதும், பட்டம் காற்றில் என்ன செய்கிறது என்பது கைக்குத் திரும்பி வருவதும் நூல் வழியாகத்தான். ஆகையால் நூல் சரியில்லாத உயர்ந்த பட்டத்தைவிட, நூல் சரியாக அமைந்த சாதாரணப் பட்டமே சொன்னபடி கேட்கும். முனைகளில் பாதுகாப்பு உறை போட்டு, முனை கட்டி, அட்டையில் சுற்றி, எடுத்தவுடன் பூட்டிப் பறக்கவிடலாம் என்ற உறுதியோடு விற்கப்படும் இரண்டு ஆயத்த செட்டுகளைப் பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஒன்று, இரட்டை நூல் பட்டத்துக்கான 30 மீட்டர் செட். ஒவ்வொரு நூலும் 68 கிலோ தாங்கும். மற்றது, நான்கு நூல் பட்டத்துக்கான 36 மீட்டர் செட். ஒவ்வொரு நூலும் 41 கிலோ தாங்கும். பொதியுறையின் மேல் பவுண்டுக் கணக்கில் 150 என்றும் 90 என்றும் அச்சிடப்பட்டிருப்பவை இந்த அளவுகளே. இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையவை. ஆனால் நான் சொல்லவிருக்கும் குறைகள் இவ்வகைப் பொருள்கள் பலவற்றிலும் காணப்படுபவை என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் இழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு செட்டுகளும் ஸ்பெக்ட்ரா, டைனீமா என்ற வணிகப் பெயர்களில் அறியப்படும் பாலிஎத்திலீன் இழையால் பின்னப்பட்டவை. இந்த இழை முறிவதற்கு முன் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் மட்டுமே நீளும். பாலியஸ்டர் நூல் அதைவிடப் பல மடங்கு நீளும், நைலான் இன்னும் அதிகமாக நீளும். 30 மீட்டர் தொலைவில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், நைலான் நூலில் கையை இழுத்தவுடன் முதலில் நூல் நீளும், அதற்குப் பிறகே பட்டம் திரும்பும். இந்த நூலிலோ மணிக்கட்டின் சிறு அசைவுக்கும் பட்டத்தின் முனை உடனே பதில் சொல்லும். இரண்டாவது சிறப்பு, இழையின் வழுவழுப்பு. இரட்டை நூல் பட்டம் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டே போனால் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இந்த இழையில் ஏழெட்டுச் சுற்று ஏறிய பிறகும் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று தடையில்லாமல் வழுக்கி ஓடுவதால் கட்டுப்பாடு குறைவதில்லை. இந்தச் சோதனையில் இரண்டு செட்டுகளும் முழு மதிப்பெண் பெறுகின்றன. பின்னல் நெருக்கமாகவும் உருண்டையாகவும் இருக்கிறது. விரலிடையில் வைத்து உருவிப் பார்த்தால் எங்கும் கரடு தட்டுவதில்லை.

ஆனால் இந்த இழைக்கு இரண்டு பலவீனங்களும் உண்டு. ஒன்று, இது ஏறக்குறைய 145 முதல் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறைப்பாக நிற்கும் இந்த நூலின் மேல் நைலானோ பருத்தியோ கெவ்லார் போன்ற அராமிடோ ஆன வேறு நூல் உரசி ஓடினால், அந்த உரசலின் சூடே இதை அறுத்துவிடப் போதுமானது. பக்கத்தில் ஒற்றை நூல் பட்டம் விடுகிறவர்கள் இருந்தால் விலகி நிற்க வேண்டியதற்குக் காரணம் நாகரிகம் மட்டுமல்ல, நூலின் பாதுகாப்பும்தான். மற்றது, வழுவழுப்பு காரணமாக முடிச்சு நிற்பதில்லை. நின்றாலும், முடிச்சின் கூர்மையான வளைவில் நூலின் வலு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. முனைகளில் பாலியஸ்டர் உறை போடுவது இதற்காகவே. உள்ளீடற்ற அந்தப் பின்னலுக்குள் நூலைச் செலுத்தி, உறையையும் நூலையும் சேர்த்தே முடிச்சிட்டால், வளைவு அகலமாகி நூல் நசுங்காமல் தப்பிக்கிறது.

உறை விஷயத்தில் இந்தத் தயாரிப்பாளரைப் பாதி பாராட்டவும் பாதி குறை சொல்லவும் வேண்டியிருக்கிறது. இரட்டை நூல் செட்டில் உறை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. அதைத் தேவையில்லாத தாராளம் என்று நினைக்கக் கூடாது; நீளத்தைச் சரிசெய்ய முடிச்சை அவிழ்த்து உள்ளே தள்ளிக் கட்டும் ஒவ்வொரு முறையும் அந்த உறையிலிருந்துதான் இடம் எடுக்க வேண்டும். நான்கு நூல் செட்டில் உறை அதில் பாதிகூட இல்லை. மேலும், உறையின் உட்பக்க முனை சூடுபட்டுச் சீல் செய்யப்படாமல் விடப்பட்டிருக்கிறது. சில மாதங்களில் அங்கே இழைகள் பிரிந்து பூப்போல விரிந்து, அட்டையில் சுற்றும்போது அடுத்த நூலைப் பிடித்துக்கொள்கின்றன. நான்கு நூல் செட்டின் எட்டு முனைகளிலும் நானே புதிய உறை மாற்றிக்கொண்டேன். மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை நடுவில் மடித்து, மடிந்த முனையை உறைக்குள் செலுத்தி மறுமுனையில் வெளியே எடுத்து, அந்த மடிப்பில் நூலைக் கோத்துக் கம்பியைத் திரும்ப இழுத்தால் நூல் உறைக்குள் வந்துவிடும். இழுக்கும்போது உறை சுருங்கிக் கம்பியின் மேல் குவிந்துவிடும் என்பதால் அவசரப்படக் கூடாது. விரல்களால் சிறிது சிறிதாக நீவிவிட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். உறையின் முனையை உருக்கும்போது நூல் அருகில் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, கோப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது.

தாங்குதிறனைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து. கனமான நூல் அறுந்துபோகாது என்ற எண்ணத்தில் தேவைக்கு மேல் தடித்த நூலை வாங்கிவிடுகிறார்கள். நூலும் காற்றை எதிர்க்கும் ஒரு பொருள் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் நீளமுள்ள இரண்டு நூல்களும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். அது ஏறத்தாழ ஓர் ஏ4 தாளின் பாதி. இவ்வளவு பரப்பை மெல்லிய காற்றில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு பறக்க வேண்டிய பட்டம் சோர்ந்து போவதிலும், நூல் வில்போல வளைந்து கையின் அசைவுகளை விழுங்கிவிடுவதிலும் வியப்பில்லை. அதே நேரத்தில் மறுபக்கக் கணக்கும் உண்டு. பட்டத்தின் மொத்த இழுப்பு இரண்டு நூல்களுக்கும் எப்போதும் சமமாகப் பிரிவதில்லை. கூர்மையான திருப்பத்தில் ஒரே நூல் பெரும்பகுதியைத் தாங்குகிறது. எனவே, ஒவ்வொரு நூலும் தனித்து நின்றும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். முழு அளவுள்ள இரட்டை நூல் பட்டத்தை மிதமான காற்றில் இயக்க இந்த 68 கிலோ செட் மிகச் சரியான தேர்வு. இளங்காற்றுக்கு இது பொருந்தாது. அதற்கு 15 முதல் 25 மீட்டர் நீளத்தில், இதைவிட மெல்லிய தனி செட் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே செட்டை எல்லாக் காற்றுக்கும் ஏற்றது என்று பொதியுறையில் அச்சிட்டிருப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி, என் பெரிய குறை. பொதியுறையின் மேல் நூல்கள் முன்கூட்டியே இழுத்துச் சமப்படுத்தப்பட்டவை என்று எழுதியிருக்கிறது. பிரித்து விரித்து அளந்தபோது இரட்டை நூல் செட்டில் ஒன்று மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாக இருந்தது. 30 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கைகள் இரண்டையும் சமமாகப் பிடித்திருக்கும்போதே பட்டம் குறுகிய நூலின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும் என்பதுதான் அதன் விளைவு. புதிதாகக் கற்கிறவர் அதைத் தன் கையின் தவறு என்று எண்ணி, ஒரு கையை எப்போதும் சற்று முன்னால் நீட்டிப் பிடிக்கப் பழகிவிடுவார். பிறகு நல்ல நூலில் பறக்கவிட்டால்கூட அந்தக் கோணல் பழக்கம் போவதில்லை. விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டதற்கு, பயன்பாட்டில் தானாகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. அது சரியான பதில் அல்ல. நூல் பயன்பாட்டில் நீளும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் சமமாகும் திசையில்தான் நீளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த நீளல் இரண்டு வகையாக நடக்கிறது. பின்னல் புதிதாக இருக்கும்போது இழைகளுக்கிடையே தளர்வு இருக்கும். முதல் சில இழுப்புகளில் அந்தத் தளர்வு இறுகி நூல் நீண்டுவிடும். அதற்குப் பிறகு, இழையே தொடர்ந்த பளுவின் கீழ் மிக மெதுவாகவும் நிரந்தரமாகவும் நீண்டுகொண்டிருப்பது இந்தப் பாலிஎத்திலீனின் இயல்பு. முதலாவதைப் பறக்கவிடுவதற்கு முன்பே முடித்துவிடலாம். திறந்த வெளியில் உறுதியான முளை ஒன்றை அடித்து, எல்லா நூல்களின் ஒரு பக்கக் கண்ணிகளையும் அதில் மாட்டி, முழு நீளத்துக்கும் நடந்து சென்று, மறுபக்கக் கண்ணிகளை ஒரே கைப்பிடியில் கோத்து, உடல் எடையைப் பின்னால் சாய்த்துச் சில நிமிடங்கள் நிதானமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுப்பது கூடாது. பிறகு இழுப்பைப் பாதியாகக் குறைத்துக் கண்ணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நீளம் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். நீளமானதன் முடிச்சை அவிழ்த்து, வித்தியாசத்தை உறைக்குள் எடுத்துக்கொண்டு திரும்பக் கட்டி, மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும். புதிய முடிச்சும் இறுகும்போது சில மில்லிமீட்டர் கொடுக்கும் என்பதால் இந்த இரண்டாவது இழுப்பைத் தவிர்க்க முடியாது. நூலை வெட்டிச் சமப்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்று நீளமாக இருக்கும் நூல் சில மாதங்களில் குறுகியதாக மாறிவிடலாம். வெட்டியதை மீட்க வழியில்லை.

இப்படி ஒருமுறை இழுத்துச் சமப்படுத்திய பிறகு இரட்டை நூல் செட் நடந்துகொண்ட விதம் உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. ஒரு முழுப் பருவம் கழித்து அளந்தபோது வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்குள்தான் இருந்தது. இடது நூலையும் வலது நூலையும் அவ்வப்போது மாற்றிப் பூட்டியதும் அதற்கு உதவியிருக்கிறது; பெரும்பாலானவர்கள் தம்மையறியாமல் ஒரு பக்கத்துக்கே அதிகம் சுழற்றுவதால் ஒரு நூல் மற்றதைவிடக் கூடுதலாக உழைக்கிறது.

நான்கு நூல் செட்டின் கதை வேறு. நான்கு நூல் பட்டத்தில் மேல் நூல்கள் இரண்டும் இழுப்பின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. கீழ் நூல்கள் பட்டத்தின் சாய்வை மாற்றவும் பின்னோக்கிப் பறக்கவைக்கவும் நிறுத்தவுமே பெரும்பாலும் பயன்படுகின்றன. இதனால் மேல் நூல்கள் விரைவாக நீள்கின்றன. அவை நீண்டால், ஒப்பீட்டில் கீழ் நூல்கள் குறுகியவையாகி, பிரேக் பிடித்தபடியே பறப்பதைப் போலப் பட்டம் தயங்கத் தொடங்குகிறது. தரையிலிருந்து எழும்ப மறுக்கிறது, முன்னோக்கிய ஓட்டத்தில் வேகம் குறைகிறது, பின்னோக்கி மட்டும் தாராளமாகப் போகிறது. காற்று போதவில்லை என்றோ பட்டத்தின் சூத்திரம் (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) கலைந்துவிட்டது என்றோ எண்ணிச் சூத்திரத்தை மாற்றிக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நூலை அளந்திருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். மேல் நூல்களையும் கீழ் நூல்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் இடம் மாற்றுவதே இதற்கு எளிய தீர்வு. அதற்கு நான்கு நூல்களின் முனைகளும் ஒரே மாதிரியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தச் செட்டில் அப்படியே இருக்கிறது என்பது அதன் மிக நல்ல அம்சம். உறைகளின் நிறங்கள் மட்டும் இடது எது, வலது எது என்று காட்டுகின்றன; மாற்றிப் பூட்டும்போது நிறக்கணக்கு குழம்பாமல் இருக்கிறது. ஆனால் 41 கிலோ தாங்கும் மெல்லிய நூலில் இந்த நீளல் அடிக்கடி வருவதால், பலத்த காற்றில் தொடர்ந்து பறக்கவிடுகிறவர்கள் இதைவிட ஒரு படி தடித்த செட்டை வாங்குவதே பொருத்தம்.

பூட்டும் முறை எளிது. நூல் முனையின் கண்ணியைத் தன்மேல் மடித்துச் சுருக்காக்கி, பட்டத்தின் சூத்திரத்திலிருந்து தொங்கும் சிறு துண்டின் முடிச்சுக்குப் பின்னால் இறுக்கினால் போதும். இழுப்பு கூடக் கூடச் சுருக்கும் இறுகும். கழற்றும்போதுதான் சிரமம். ஈரமும் மணலும் சேர்ந்த சுருக்கு நகத்துக்கு அசையாது. இந்தச் செட்டுகளில் கண்ணியின் நுனியில் ஒரு சிறு முடிச்சை விட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் சுருக்கு தானாகத் தளர்ந்து கழன்றுவிடுகிறது. விலையில் எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தாத, ஆனால் ஒவ்வொரு மாலையும் நன்றி சொல்ல வைக்கும் அமைப்பு இது.

சுற்றும் அட்டை ஏமாற்றம் தருகிறது. நூல் உட்காரும் ஓரங்கள் வார்ப்பில் வந்த கூர்மையோடு அப்படியே இருக்கின்றன. மணல்தாள் போட்டு மழமழப்பாக்காமல் பயன்படுத்தக் கூடாது. 144 மீட்டர் நூல் கொண்ட நான்கு நூல் செட்டுக்கு அட்டை சிறியதும்கூட. எல்லா நூல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, எட்டு வடிவில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுவதே சரியான முறை. நேராக ஒரே திசையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் நூலில் முறுக்கு ஏறி, அடுத்த நாள் விரிக்கும்போது சிக்கு விழும். எட்டு வடிவில் ஒரு பாதியில் ஏறும் முறுக்கை மறுபாதி எடுத்துவிடுகிறது. சுற்றி முடித்ததும் முனைகளை ரப்பர் பட்டையில் சேர்த்துச் செருகிவிட வேண்டும். ஒரே ஒரு முனை தளர்ந்து அடுக்குகளுக்கிடையே நழுவிவிட்டாலும் நான்கு நூல் செட்டில் அதை எடுக்க அரை மணி நேரம் ஆகும்.

பராமரிப்பில் முதல் எதிரி மணல், இரண்டாவது உப்பு. இந்த இழையின் அடர்த்தி 0.97 என்பதால் நூல் தண்ணீரில் மிதக்கும், இழையும் தண்ணீரை உறிஞ்சாது; ஆனால் பின்னலின் இடுக்குகளில் தண்ணீர் தங்கும், அதோடு நுண்மணலும் உப்பும் உள்ளே போகும். உலர்ந்த பிறகு அந்த நுண்துகள்கள் ஒவ்வோர் அசைவிலும் இழைகளை உள்ளிருந்தே அராவுகின்றன. முறுக்கு ஏறியவுடன் பட்டம் மந்தமாகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். நூலை மாற்றத் தேவையில்லை, கழுவினால் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, நூலை அட்டையிலிருந்து தளர்த்தி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் இயந்திர உலர்த்தியும் ஆகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் தவறு. சூட்டில் இந்த இழையின் நிரந்தர நீளல் வேகமெடுக்கிறது. இந்தச் செட்டுகளின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. முதல் இரண்டு மூன்று கழுவல்களில் அது போய்விடும், நிறமும் மங்கும். நூலின் வழுவழுப்பு பூச்சினால் வந்ததல்ல, இழையினால் வந்தது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; எண்ணெய் தடவுவது மணலை ஒட்டவைக்கும் வேலையாகவே முடியும்.

விறைப்பாக இருக்கும்போது இந்த நூல் தோலை அறுக்கும் என்ற எச்சரிக்கை பொதியுறையில் மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. அதைப் பெரிதாக அச்சிட வேண்டும். ஆள் நடமாட்டமும் மின்கம்பிகளும் இல்லாத இடத்தில்தான் விரிக்க வேண்டும், இடி மின்னல் தென்பட்டவுடன் இறக்கிவிட வேண்டும். ஈரமான நூல் மின்சாரத்தைக் கடத்தும்.

கழுவிய நூலை உலர்த்தும்போதே விரல்களுக்கிடையே முழு நீளத்துக்கும் உருவிப் பார்ப்பது நல்லது. ஓரிடத்தில் பஞ்சுபோல் இழைகள் பிரிந்திருந்தால் அது உரசலின் தொடக்கம். அங்கே நூல் தட்டையாகவோ கண்ணாடிபோல் இறுகியோ தட்டுப்பட்டால் சூட்டில் உருகிய இடம். முதல் வகையைக் கண்காணித்தபடி இளங்காற்றில் பயன்படுத்தலாம். இரண்டாவது வகை நூல் எப்போது வேண்டுமானாலும் அறும், அதை உடனே ஒதுக்கிவிட வேண்டும். இந்த இரட்டை நூல் செட்டில் இதுவரை பட்டத்துக்கு அருகிலுள்ள உறையின் விளிம்பில் மட்டுமே இலேசான பஞ்சு தெரிகிறது; அந்த வகையில் இதன் ஆயுள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நான்கு நூல் செட்டை, உறையை நீட்டி முனைகளைச் சீல் செய்து தரும்வரை, சொந்தமாக முனை கட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். தயாரிப்பாளர் நான்கு நூல் செட்டுக்கு மாற்று நூலை ஒற்றையாகவும் விற்கிறார். அதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே நீண்டு முடிந்த மூன்று பழைய நூல்களோடு ஒரு புதிய நூலைச் சேர்த்தால், அது அடங்கும்வரை ஒவ்வொரு முறையும் முளையடித்து அளக்க வேண்டியிருக்கும். ஒன்று அறுந்தால் நான்கையும் மாற்றிவிட்டு, மிஞ்சிய மூன்றில் நல்ல பகுதிகளை வெட்டி இளங்காற்றுக்கான குறுகிய செட்டாகக் கட்டிக்கொள்ளலாம்.